கோவளம் மணலில் ஏழு நாள்: விசிறி ஓணானின் இரையும் இருப்பிடமும்

முதல் நாள்: ரிச்சி தெரு, பாரிமுனை

விசிறி ஓணான் எதைத் தின்கிறது, எங்கே நிற்கிறது என்று கோவளம் மணலில் ஏழு நாள் பார்க்க வேண்டிய சாமான் எல்லாம் சென்னைக்குள்ளேயே ஒரு பகலில் கிடைத்துவிடும். வெயிலுக்கு முன் ரிச்சி தெரு, பிறகு பாரிமுனை.

ரிச்சி தெருவில் வாங்குவது வெப்பமானி. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிய காய்ச்சல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மணலுக்குப் போகவேண்டாம். சுமார் 43 டிகிரிக்கு மேல் அது வெறுமே ‘ஹை’ என்று காட்டி நின்றுவிடும். தொழிற்சாலைகளில் பயன்படும் அகச்சிவப்பு வெப்பமானி சரி. அதிலும் 12:1 என்று போட்டிருப்பதன் பொருள் தெரிந்திருக்கவேண்டும்: 12 செ.மீ. தொலைவில் இருந்து குறிவைத்தால் 1 செ.மீ. வட்டத்தை அளக்கும். நின்ற உயரத்தில் இருந்து நீட்டினால் ஓணானின் காலடியோடு பக்கத்துப் புல், நிழல், சருகு எல்லாம் சேர்ந்த சராசரிதான் வரும். குனிந்து, 30 செ.மீ.க்குள் வைத்து அளக்கவேண்டும். இதோடு கே வகை தெர்மோகப்பிள் (நுனி இருக்கும் இடத்தின் சூட்டைச் சொல்லும்) கம்பி நான்கு, அதைப் பொருத்தும் மீட்டர் ஒன்று. வாங்கிய அன்றே ஐஸ் போட்ட தண்ணீரிலும் கொதிக்கும் தண்ணீரிலும் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை கடல்மட்டத்தில் இருப்பதால் 0, 100 என்ற இரண்டு எண்ணும் திருத்தம் இல்லாமல் வரவேண்டும். ஒரு டிகிரி தள்ளி வந்தால் அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடலாம்.

ஏசி மெக்கானிக்கிடம் அரை அங்குலச் செம்புக்குழாய் துண்டு கேட்டால் தருவார். 5 செ.மீ. நீளத்துக்கு மூன்று துண்டு போதும். அது எதற்கு என்பது மூன்றாம் நாளில்.

பாரிமுனையில் ஆய்வகச் சாமான் கடைகளில் பெட்ரி தட்டு, ஊசி, மூடியுள்ள 5 மி.லி. குப்பிகள். சுத்த எத்தனால் தனி ஆளுக்குக் கிடைப்பது கடினம். கல்லூரி வழியாக வாங்குவதே முறை. இல்லாவிட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 70 சதவீதம். பூச்சியின் ஓட்டைக் காக்க அது போதும்.

கடைசியாக ஒன்று: இந்த ஏழு நாளில் ஒரு ஓணானையும் கையால் தொடுவதில்லை. பிடிப்பது, வயிற்றைக் கழுவி இரை எடுப்பது, விரலில் அடையாளம் இடுவது எல்லாம் வனத்துறையின் எழுத்து அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்களுக்கு. ஈர்க்குச்சி நுனியில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்த சின்ன வயதுத் திறமை ஆய்வாளர்களுக்கும் உதவும் திறமைதான். ஆனால் எச்சமும் பார்வையும் மட்டுமே வைத்து எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதே இந்தக் குறிப்பின் எல்லை.

இரண்டாம் நாள்: கோவளத்துக்குத் தெற்கே

திருவான்மியூரில் மாமல்லபுரம் பேருந்து. முட்டுக்காடு பாலம் தாண்டி, கோவளமும் கடந்து, சவுக்குத் தோப்புகள் கடலை மறைக்கும் இடத்தில் இறங்கவேண்டும்.

சென்னைக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மணல் அதைப் பிடித்து வைப்பதும் இல்லை. நெய்தல் என்று பெயர் வைத்திருந்தாலும் சித்திரை வெயிலில் காலை 11 மணிக்கு இந்த மணல் பாலையாகத் திரிந்துவிடுகிறது. பாலைவனப் பல்லிகளைப் பற்றிக் கேட்கும் அதே கேள்விகளை இங்கேயும் கேட்கலாம் என்பது அதனால்தான்.

கேட்கவேண்டிய உயிர் விசிறித் தொண்டை ஓணான், சிடானா பேரினம். 1829-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே இதற்குப் பெயரிட்டபோது எடுத்துக்கொண்ட ஊர் பாண்டிச்சேரி. அதனால்தான் சிடானா பாண்டிசெரியானா. 2016-இல் இந்தப் பேரினத்தைப் பிரித்துப் பார்த்ததில் தமிழ்நாட்டில் இருந்து சிடானா விசிறி, சிடானா மருதம்நெய்தல் என்று தமிழ்ப் பெயரோடே இரண்டு இனங்கள் வந்தன. தொண்டைப் பையின் நீளத்தையும் நிறத்தையும் போட்டோவில் பார்த்து இனத்தை முடிவுகட்டவேண்டாம். நோட்டில் ‘சிடானா’ என்று எழுதினால் போதும். பின்னங்காலில் நான்கே விரல் இருப்பது பேரினத்தின் அடையாளம். சாதாரண ஓணானுக்கு ஐந்து.

கடலில் இருந்து மேற்கே நடந்தால் அடுக்கு தெளிவாகத் தெரியும். ஈர மணல், அலை ஒதுக்கிய குப்பைக் கோடு, அடப்பங்கொடி படர்ந்த மேடு, ராவணன் மீசைப் புல், அதன் பின்னால் எருக்கும் கொழிஞ்சியும் நெருஞ்சியும் சிதறிக் கிடக்கும் வெட்டவெளி, கடைசியில் சவுக்கு. ஓணானைத் தேடவேண்டியது நான்கும் ஐந்தும் சேரும் பட்டையில். அடர்ந்த சவுக்கின் அடியில் வெயில் தரைக்கு இறங்காது. சருகு மெத்தை போல் கிடக்கும். தரையில் ஓடிப் பிடிக்கும் உயிருக்கு அது தோதில்லை.

எண்ணும் பாதை 100 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், கரைக்கு இணையாக. இங்கே பலரும் செய்யும் தவறு நிழல். காலை வெயில் கடல் பக்கத்தில் இருந்து வருகிறது, ஆள் நிழல் மேற்கே நீளமாக விழுகிறது. பட்டையின் நடுவில் நடந்தால் மேற்குப் பாதியில் உள்ளவை ஆள் நெருங்குமுன்பே நிழலுக்குப் பயந்து ஓடிவிடும். எண்ணிக்கை கிழக்கில் மட்டும் கூடிக் காட்டும். பட்டையின் மேற்கு ஓரத்தில் நடந்து நிழலை வெளியே விழவிடுங்கள். மாலையில் கிழக்கு ஓரம். நிமிடத்துக்கு 10 மீட்டருக்கு மேல் வேண்டாம்.

ஒன்றைக் கண்டதும் எழுதவேண்டியவை: நேரம், ஆணா பெண்ணா குட்டியா, முதலில் கண்டபோது நின்ற தரை (வெறும் மணல், சருகு, கல், செடியின் மேல்), வெயில் முழுதா புள்ளியா நிழலா, மிக அருகில் உள்ள புதர் எது, எத்தனை செ.மீ. தூரம். ‘முதலில் கண்டபோது’ என்பதுதான் முக்கியம். இரண்டு காலில் எழுந்து ஓடிப் புதருக்குள் புகுந்தபின் எழுதினால், அது விரும்பும் இடம் நோட்டில் ஏறாது. ஆளுக்குப் பயந்து ஒளியும் இடம்தான் ஏறும்.

ஒவ்வொரு ஓணானுக்கும் ஜோடியாக, ஓணான் இல்லாத ஓர் இடத்தையும் இதேபோல் அளக்கவேண்டும். கைக்கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்து அதை 6-ஆல் பெருக்கினால் திசை, டிகிரியில். பையில் உள்ள பத்து ரூபாய் நோட்டு எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் எத்தனை எட்டு என்று சொல்லும். கால் போன போக்கில் நடந்தால் மனசு தானாக நிழல் பக்கம் போகும். இந்த ஜோடிப் புள்ளி இல்லாமல் ‘புதரில் இருந்து ஒரு மீட்டருக்குள்தான் இருக்கிறது’ என்று எழுதுவது வீண். அந்த மணலில் எங்கே நின்றாலும் ஒரு மீட்டருக்குள் புதர் இருக்கலாமே.

மூன்றாம் நாள்: சூடு

காலை 7 மணி முதல் மாலை 6 வரை அரைமணிக்கு ஒருமுறை ஐந்து எண்கள்: வெயிலில் மணல் மேற்பரப்பு, புதர் நிழலில் மேற்பரப்பு, 10 செ.மீ. ஆழம், தரையில் இருந்து 1 செ.மீ. மேலே காற்று, 1.5 மீட்டர் மேலே காற்று. காற்றை அளக்கும்போது தெர்மோகப்பிள் நுனியில் வெயில் படக்கூடாது. பட்டால் கம்பியின் சூடுதான் தெரியும், காற்றின் சூடு தெரியாது. குடையைத் தரையோடு ஒட்டிப் பிடித்தால் அடியில் காற்றே அடைபட்டுவிடும். ஒரு முழம் தள்ளிப் பிடித்து நிழல் மட்டும் நுனியில் விழச் செய்யவேண்டும்.

கோடை நண்பகலில் வெற்று மணல் 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். பகலில் நடமாடும் பாலைவனப் பல்லிகள் பலவும் உடல் சூட்டை முப்பதுகளின் நடுவிலோ பிற்பகுதியிலோ வைத்துக்கொள்ளப் பார்க்கும். இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் அவை எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. நமீபியாவின் மணல்மேட்டில் வாழும் ஒரு பல்லி சூடு தாங்காமல் மூலைவிட்டமாக ஒரு முன்காலையும் ஒரு பின்காலையும் மாறிமாறித் தூக்கி நிற்கும். சூடு மிஞ்சினால் மணலுக்குள் பாய்ந்துவிடும். தார் பாலைவனத்து லோங்கேவாலா தேரைத்தலை ஓணான், 1978-இல்தான் விவரிக்கப்பட்டது, உடலை அதிரவைத்தே மணலில் இறங்கிப் புதைந்துகொள்ளும். நம் சிடானாவுக்குப் புதரின் நிழல்.

இனி செம்புக்குழாய். ஒரு முனையை எம்-சீல் வைத்து அடைத்து, மறு முனை வழியாகத் தெர்மோகப்பிளை நடுவில் தொங்கவிட்டு அதையும் அடைக்கவேண்டும். நுனி குழாய்ச் சுவரில் ஒட்டினால் எண் தாவும். வெளியே மங்கலான சாம்பல் பிரைமர். செம்பை அப்படியே வைத்தால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிட்டுக் குளிர்ந்து காட்டும். மூன்று குழாயில் ஒன்று முழு வெயிலில், ஒன்று புதரின் ஓரப் புள்ளி நிழலில், ஒன்று அடி நிழலில். அந்த இடத்தில் அசையாமல் ஒரு ஓணான் கிடந்தால் அதன் உடல் எந்தச் சூட்டுக்குப் போகும் என்பதற்கு நெருக்கமான எண் கிடைக்கும். மணலின் சூடு, காற்று, வெயில் மூன்றும் ஒரே எண்ணில் அடங்கிவிடும். 15 நிமிடம் அப்படியே விட்டு, எண் நின்றபின் படியுங்கள்.

சென்னையில் இதையெல்லாம் கலைத்துப் போடுவது கடற்காற்று. கோடையில் பெரும்பாலும் நண்பகலை ஒட்டி உள்ளே வரும். மேற்குக் காற்று வலுத்த நாளில் தள்ளிப்போகும் அல்லது வரவே வராது. அது திரும்பும் நிமிடத்தைக் கட்டாயம் எழுதவேண்டும். முதல் நாள் 12 மணிக்கு ஓணான் ஒன்றும் இல்லாமல் இருந்து, மறுநாள் அதே 12-க்கு வெளியே திரிந்தால் காரணம் அங்கேதான் இருக்கும். கடிகார நேரத்தை மட்டும் வைத்துச் சராசரி போடுபவர்களுக்கு இது புரியவே புரியாது.

நான்காம் நாள்: கப் புதைத்தல்

ஓணான் எதைத் தின்றது என்று எச்சம் சொல்லும். எதைத் தின்ன முடிந்திருந்தும் விட்டது என்பதை எச்சம் சொல்லாது. அதற்குத்தான் குழிப்பொறி.

250 மி.லி. பிளாஸ்டிக் கப், ஒவ்வொரு குழிக்கும் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. உலர்ந்த மணலில் ஒரே கப்பை வைத்தால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் குழி சரிந்து மூடிக்கொள்ளும். வெளிக்கப் அப்படியே இருக்க உள்கப்பை மட்டும் உருவவேண்டும். தோண்டுமுன் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் மணல் நிற்கும். விளிம்பு தரைமட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே. மேலே துருத்தினால் எறும்பு சுற்றிக்கொண்டு போய்விடும். உள்ளே இரண்டு விரற்கடை தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. சொட்டு அதிகமானால் நுரைத்துச் சின்னப் பூச்சிகளை மேலேயே தாங்கி நிற்கும். மேலே 2 செ.மீ. இடைவெளி விட்டு ஓட்டுச் சில்லு ஒன்று, மூன்று கல்லின் மேல். காற்றில் பறக்கும் மணலுக்கும், ஓணானே உள்ளே விழாமல் இருப்பதற்கும். 5 மீட்டருக்கு ஒன்றாக வரிசைக்குப் பத்து, இரண்டு வரிசை: ஒன்று புதர் ஓரமாக, ஒன்று வெட்டவெளியில். ஒவ்வொரு குழிக்கும் வடக்கே ஒரு சாண் தள்ளி ஓர் ஈர்க்குச்சி.

முதல் மேட்டுக்குக் கடல் பக்கமாக ஒரு குழிகூட வைக்கவேண்டாம். பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் ஜனவரி முதல் இந்தக் கரையில் முட்டையிடுகின்றன. கோடை தொடங்கியும் குஞ்சுகள் வெளிவரும். குஞ்சுக்கு 250 மி.லி. கப் ஒரு கிணறு. அதோடு மணல் நண்டும் அங்கேதான் அதிகம். ஒரு நண்டு கப்புக்குள் இறங்கினால் அன்றைய பூச்சி அத்தனையும் கூழ்.

புதைத்த அன்று கப்பை மூடியே வைக்கவேண்டும். கிளறிய மண்ணுக்கு எறும்புகள் கூட்டமாக வரும். உடனே திறந்தால் அந்தக் கூட்டம்தான் கணக்கில் ஏறும்.

மீனவர் குப்பத்துக்கு அருகில் என்றால் முதலில் போய்ச் சொல்லிவிடுவது மரியாதை, பயனும் உண்டு. வலை இழுக்கும் பாதை எது, மாடு போகும் தடம் எது என்று அவர்கள்தான் காட்டுவார்கள்.

ஐந்தாம் நாள்

கப்பைத் திறந்தாயிற்று. காலை 6-க்கும் மாலை 6-க்கும் தனித்தனிக் குப்பியில் காலிசெய்யவேண்டும். சிடானா பகலில் மட்டும் மேயும். இரவில் விழுந்த வண்டுகளையும் சேர்த்தால் அது பார்க்கவே வாய்ப்பில்லாத இரையை ‘வேண்டாம் என்று விட்டது’ என்று எழுதிவிடுவோம். வேறு வேலை இல்லை. நாய்கள் நான்கு சில்லைப் புரட்டிவிட்டன. அந்தக் கப்புகளைக் கணக்கில் இருந்து நீக்குவதே சரி, சராசரி போட்டு நிரப்பக்கூடாது.

ஆறாம் நாள்: எச்சமும் நுண்ணோக்கியும்

பழக்கத்துக்கு வீட்டிலேயே தொடங்கலாம். டியூப்லைட்டுக்குக் கீழே சுவரோரம் விழுந்து கிடக்கும் பல்லி எச்சத்தைப் பார்க்காதவர் இல்லை: கருப்பு உருளை, ஒரு முனையில் வெள்ளைக் கட்டி. அந்த வெள்ளை யூரிக் அமிலம். ஓணானின் எச்சமும் அப்படியே. பறவை எச்சத்தில் வெள்ளை தனிக்கட்டியாக நிற்காமல் பூசினாற்போல் கலந்திருக்கும். தேரையின் எச்சத்தில் வெள்ளையே இருக்காது.

மணலில் கிடப்பது எந்த ஓணானுடையது என்பதுதான் சிக்கல். சாதாரண ஓணானும் அரணையும் அதே இடத்தில் திரிகின்றன. ஆண் சிடானா தொண்டையை விரித்துக் காட்ட ஏறி நிற்கும் கல்லையோ மண்கட்டியையோ முந்தின மாலை துடைத்து வைத்து, மறுநாள் அது நின்று போனபின் எடுப்பது நம்பகமானது. பொதுவில் பொறுக்கியதைத் தனி உறையில் ‘ஐயம்’ என்று எழுதி வைக்கலாம், இரண்டையும் கலக்கவேண்டாம்.

பாலைவனத்தில் எச்சம் வாரக்கணக்கில் காய்ந்து கிடக்கும். சென்னையின் ஈரக்காற்றில் பிளாஸ்டிக் பைக்குள் போட்டால் ஒரே நாளில் பூஞ்சை. காகித உறையில் போட்டு, மாலையே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் அடைக்கவேண்டும்.

பிரிக்கும் முறை: பெட்ரி தட்டில் 70 சதவீத ஆல்கஹாலில் ஒரு மணிநேரம் ஊறவிட்டு, இரண்டு ஊசியால் நீளவாக்கில் மெல்லப் பிரிக்கவேண்டும். குறுக்கே அழுத்தினால் எறும்புத் தலைகள் நொறுங்கும். பத்து மடங்கில் தொடங்கி நாற்பது வரை பெரிதாக்கினால் போதும்.

எறும்பைத் தலையால் எண்ணுங்கள். கால்களும் வயிறும் உதிர்ந்துபோகும், தலை நிற்கும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள இடுப்புக் கணு அகப்பட்டால் இன்னும் நல்லது: கணு ஒன்று என்றால் கட்டெறும்பு, பிள்ளையார் எறும்பு வகை, இரண்டு என்றால் கொட்டும் சிவப்பெறும்பு இருக்கும் பெரிய குடும்பக்கிளை. வண்டுக்கு முன்சிறகு ஓடுகள், இடமும் வலமும் பிரித்து, எது அதிகமோ அந்த எண். வெட்டுக்கிளிக்குப் பின்கால் முள்வரிசை. சிலந்திக்குக் கருத்து வளைந்த கடிகொம்பு. கம்பளிப்புழுவுக்குத் தலை ஓடு மட்டும். கறையான்தான் ஏமாற்றும், உடல் முழுக்க மென்மை, சிப்பாயின் தாடை மட்டும் அங்கொன்று இங்கொன்றாக மிஞ்சும். தென் ஆப்பிரிக்கப் பகுதியின் கலஹாரிப் பாலைவனத்துப் பல்லிகளை அமெரிக்க ஆய்வாளர் எரிக் பியாங்கா ஆராய்ந்தபோது அவற்றின் இரையில் கறையானின் பங்கு மிகப் பெரியதாக இருந்தது. அது வயிற்றைத் திறந்து பார்த்த கணக்கு. எச்சத்தை மட்டும் வைத்திருந்தால் அதில் எவ்வளவு தப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே எண்ணவேண்டும்.

எண்ணிக்கையோடு பருமனும் வேண்டும். கப்பில் முழுசாக விழுந்த அதே வகைப் பூச்சியை அளந்து, நீளம் × அகலம் × அகலம் × 0.52 என்று போடுங்கள். 4 மி.மீ. நீளம், 1 மி.மீ. அகலமுள்ள எறும்பு சுமார் 2 கன மி.மீ. 15 மி.மீ. நீளம், 3 மி.மீ. அகலமுள்ள வெட்டுக்கிளி 70. ஒரு வெட்டுக்கிளி கிட்டத்தட்ட 34 எறும்புக்குச் சமம். தலையெண்ணிக்கையை மட்டும் பார்த்து ‘இது எறும்புத்தின்னி’ என்று எழுதிய அறிக்கைகளை இந்த ஒரு பெருக்கலே புரட்டிப் போடும்.

ஏழாம் நாள்: கணக்கு, குழி மூடல்

எச்சத்தில் ஓர் இரையின் பங்கு ‘எ’, பகல் கப்பில் அதன் பங்கு ‘க’. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் இவ்லெவ் குறியீடு. -1 முதல் +1 வரை போகும்: பூஜ்யத்துக்குக் கீழே என்றால் அந்த இரையை ஒதுக்குகிறது, மேலே என்றால் தேடித் தின்கிறது. எடுத்துக்காட்டுக்கு, எச்சத்தில் எறும்பு 60 சதவீதம், கப்பில் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 0.6-இல் இருந்து 0.9 கழித்து 1.5-ஆல் வகுக்க -0.2. எச்சம் நிறைய எறும்பாக இருந்தும் அந்த ஓணான் எறும்பைச் சற்று ஒதுக்கியே தின்கிறது. கப் புதைக்காதவர் இதற்கு நேர்மாறாக எழுதியிருப்பார்.

ஆஸ்திரேலியாவின் முள் பிசாசு ஓணானின் கதை வேறு. ஒரே இடத்தில் நின்று எறும்புச் சாரியை நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரத்தையும் தாண்டி, நாக்கால் ஒற்றி எடுக்கும். எதிர்முனையில் தார் பாலைவனத்து முள்வால் ஓணான். வளர்ந்தது பெரும்பாலும் இலை தழை தின்னி, வளைக்குள் போனால் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். நம் ஊர் நடைபாதையில் சாண்டா எண்ணெய் என்று மூட்டுவலிக்கு விற்பதற்காகக் கொல்லப்படுவது இந்தப் புல்தின்னிதான். 1972 வனவிலங்குச் சட்டம் அதைத் தடுக்கிறது. எண்ணெயில் மூட்டுக்கு ஒன்றும் இல்லை.

கப்புக்கு ஒரு பலவீனம் உண்டு, அதையும் கணக்கோடு எழுதவேண்டும்: தரையில் நடப்பதுதான் அதில் விழும். தத்துக்கிளியும் ஈயும் குறைவாகவே காட்டும், அதனால் அவற்றின் குறியீடு பொய்யாக மேலே போகும். அடப்பங்கொடியின் மேலும் கொழிஞ்சியின் மேலும் பூச்சிவலையை ஒரு பாதைக்கு 50 வீச்சு வீசித் தனிப்பட்டியல் எடுத்தால் ஓரளவு சரியாகும்.

இரண்டாம் நாளின் ஜோடிப் புள்ளிகளையும் செம்புக்குழாய் எண்களையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். புதர் ஓரத்தில் நிற்கும் நேரத்தில் புதர் ஓரத்துக் கப்பில் விழுவதுதான் அதற்கு எட்டும் இரை. வெட்டவெளிக் கப்பில் நண்பகலில் விழுந்த கட்டெறும்பு, அந்தச் சூட்டில் ஓணான் போகமுடியாத கடையில் அடுக்கிய பண்டம். கப்புகளையும் நிழல், வெயில் என்று இரண்டாகப் பிரித்துக் கணக்கிட்டால்தான் மேலே போட்ட குறியீடு நிற்கும். முதலிலேயே இரண்டு வரிசைகளில் ஒன்றைப் புதர் ஓரமாகவும் ஒன்றை வெளியிலும் வைத்திருக்கவேண்டியது இதற்காகத்தான்.

மாலை 5 மணிக்குமேல் குழி மூடல். புதைத்தது இருபது என்றால் உள்கப் இருபது, வெளிக்கப் இருபது, சில்லு இருபது என்று எண்ணி அடுக்கவேண்டும். காற்றில் மணல் ஏறி ஒன்றிரண்டு கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதற்காகத்தான் ஒவ்வொரு குழிக்கும் வடக்கே ஒரு சாண் தள்ளி ஈர்க்குச்சி நட்டு வைப்பது. கடைசிக் கப் கிடைக்கும்வரை பேருந்து ஏறவேண்டாம். மூடியில்லாத வெறும் கப் ஒன்று மணலில் தங்கினால், அடுத்த மழைவரை அதில் விழும் அரணைக்கும் ஓணான் குட்டிக்கும் ஏறி வர வழியில்லை.